டர்பனில் மருந்தெதிர்ப்புக் காசநோய் ஆய்வு: எந்த முறைக்குப் பணம் ஒதுக்குவது?

திருநெல்வேலியிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்காக டர்பன் வந்திருக்கும் மாணவி ஒருத்தி, சென்ற மாதம் தன் ஆய்வுத் திட்டத்தின் வரைவையும் நான்கு விலைப்புள்ளிகளையும் என் மேசைமேல் வைத்து, "சார், மூன்று வருடத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் பணம். இந்த நாலில் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். டர்பன் அமைந்திருக்கும் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் ஒரு பகுதியில், ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது என்பதும், அந்தக் கிருமிகளில் எத்தனை இப்போது பெடாகுயிலின் என்ற புதிய மருந்தையும் எதிர்க்கத் தொடங்கியிருக்கின்றன என்பதும் அவளுடைய கேள்விகள். முதல் விலைப்புள்ளி, கிருமியைத் திரவ ஊடகத்தில் வளர்த்து மருந்தோடு சேர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கானது. இரண்டாவது, கார்ட்ரிட்ஜ், பட்டைச் சோதனை ஆகிய விரைவு மூலக்கூறுச் சோதனைகளுக்கானது. மூன்றாவது, சளியிலிருந்தே குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் படிக்கும் இலக்கு வரிசையாக்கத்துக்கானது. நான்காவது, கிருமியின் மரபணுத்தொகை முழுவதையும் படிப்பதற்கானது. அன்று அவளிடம் சொன்னதையும் பிறகு யோசித்துத் திருத்திக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே தேர்வின் முன் நிற்கும் வேறு மாணவர்களும் சிறிய ஆய்வகங்களும் இருக்கக்கூடும்.

இந்தக் கேள்விக்கு இந்த மாகாணத்தில் ஒரு தனிக் கனம் உண்டு. டர்பனுக்கு வடமேற்கே ம்சிங்கா பகுதியில் இருக்கும் துகேலா ஃபெரி என்ற சிற்றூரின் மருத்துவமனையில், 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை 1,539 பேரைச் சோதித்தபோது, 542 பேருக்கு வளர்ப்புச் சோதனையில் காசநோய் உறுதியானது. அவர்களில் 221 பேரின் கிருமி பல்மருந்து எதிர்ப்புக் கொண்டது, அதாவது ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற இரண்டு முதன்மை மருந்துகளுக்கும் கட்டுப்படாதது. அந்த 221 பேரில் 53 பேரின் கிருமி, இரண்டாம் வரிசை மருந்துகளுக்கும் மசியாத தீவிர எதிர்ப்புக் கொண்டது. அந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். சளி எடுத்த நாளிலிருந்து அவர்கள் உயிரோடிருந்த காலம், இடைநிலைக் கணக்கில், 16 நாள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் காசநோய்க்கென்று ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த நோய் புதிதன்று. 1940-களில் நியூலாண்ட்ஸ் பக்கம் எழுந்த ஃபோசா என்ற காசநோய்க் குடியிருப்பின் பெயரைச் சொன்னால், டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் முதியவர்கள் சிலர் இப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

முன்பு மருந்தே உட்கொள்ளாதவரிடம் மருந்தெதிர்ப்புக் கிருமி இருக்கிறதென்றால், அது அவர் உடலில் உருவானதாக இருக்க முடியாது. ஏற்கெனவே எதிர்ப்புப் பெற்ற கிருமி வேறொருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். இங்கேதான் ஆய்வின் இரண்டு கேள்விகளும் பிரிகின்றன. எதிரே இருக்கும் நோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பது ஒன்று. இந்தக் கிருமி எந்த வழியாக இவரிடம் வந்தது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சில நாள்களில் விடை வேண்டும், ஆனால் கிருமியின் சில மரபணுக்களைத் தெரிந்துகொண்டாலே பெரும்பாலும் போதும். இரண்டாவது கேள்விக்கு மாதக்கணக்கில் காத்திருக்கலாம், ஆனால் கிருமியின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ ஒவ்வோர் எழுத்தும், அதாவது டிஎன்ஏ இழையின் ஒவ்வொரு சிறு அலகும், வேண்டும். எந்த முறை சிறந்தது என்று ஆய்வகங்களில் நடக்கும் வாதங்களில் பாதி, பேசுகிற இருவரும் வெவ்வேறு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருபவை.

வளர்ப்புமுறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாணவர்கள் முதலில் கழித்துவிட நினைப்பது அதைத்தான். ஈ. கோலை கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் தேவைப்படுகிறது. ஆகவே திரவ ஊடகக் குழாயில் சளியைச் சேர்த்துக் கருவியில் வைத்தால், கிருமி வளர்ந்து குழாய் ஒளிரத் தொடங்க ஒரு வாரமோ பல வாரங்களோ ஆகலாம். 42 நாள் வரை ஒளிராவிட்டால்தான் கிருமி இல்லை என்று முடிவு சொல்ல முடியும். மருந்துச் சோதனை அதன் பிறகே தொடங்கும். அதற்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் வேண்டும். காற்று வெளியே கசியாத உயர்பாதுகாப்பு ஆய்வகமும், அதில் வேலை செய்யப் பழகிய ஆள்களும் வேண்டும். வேறு நுண்ணுயிர் கலந்து குழாய் கெட்டுப்போவதும் உண்டு. அப்போது நோயாளியிடம் மறுபடியும் சளி கேட்க வேண்டும், அவர் அதற்குள் ஊர் மாறியிருப்பார்.

இத்தனை குறை இருந்தும் இந்த முறைக்கு ஓர் அடிப்படைப் பெருமை இருக்கிறது. மருந்தின் முன்னிலையில் கிருமி வளர்கிறதா, சாகிறதா என்பதை நேரில் பார்ப்பது இது ஒன்றுதான். மரபணுவைப் படிக்கும் மற்ற முறைகள் எல்லாம், இந்த எழுத்து மாறியிருப்பதால் மருந்து வேலை செய்யாமல் போகலாம் என்று ஊகிக்கின்றன. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் போன்று பல ஆண்டுகளாக ஆராயப்பட்ட மருந்துகளில் அந்த ஊகம் பெரும்பாலும் பலித்துவிடும். பெடாகுயிலின் போன்ற புதிய மருந்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதோடு, முழு மரபணுத்தொகையை நம்பகமாகப் படிப்பதற்கும் வளர்த்தெடுத்த கிருமியே வேண்டும். சளியில் மனிதச் செல்களின் மரபணுப்பொருள் மிகுந்து கிடப்பதால், நேரடியாகச் சளியிலிருந்து முழுத்தொகையைப் படிக்கும் முயற்சிகள் இன்னும் எல்லா மாதிரிகளிலும் கைகொடுப்பதில்லை. மாணவியின் வரைவில் வளர்ப்பு ஒரு தனித் தேர்வாகவும் முழுத்தொகை வரிசையாக்கம் இன்னொரு தனித் தேர்வாகவும் எழுதப்பட்டிருந்தன. முதலாவதற்குச் செலவு செய்யாமல் நான்காவதை வாங்க முடியாது என்பதை அவளுடைய கணக்கு மறந்திருந்தது.

விரைவுச் சோதனைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயத்தை விட முடியாது என்று பட்டது. எக்ஸ்பெர்ட் கார்ட்ரிட்ஜை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது; அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்கா அதை நாடெங்கும் கொண்டுவரத் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்று சொல்லிவிடும் அந்தக் கருவி செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது ஆர்பிஓபி என்ற மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியை மட்டுமே பார்க்கிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பைத் தரும் பிறழ்வுகளில், அதாவது எழுத்து மாற்றங்களில், ஏறத்தாழ 95 விழுக்காடு அந்தப் பகுதியில் விழுகின்றன என்பதால்தான் அந்த ஏற்பாடு. மீதமுள்ளவை எங்கே என்ற கேள்விக்கு, குவாசூலு-நட்டாலை ஒட்டியிருக்கும் எஸ்வாட்டினி நாடு விடை வைத்திருந்தது. அங்கே 2009-இல் எடுத்த கணக்கெடுப்பின் கிருமிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, பல்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் 30 விழுக்காடு அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே, அதே மரபணுவின் 491-ஆம் இடத்தில், பிறழ்வு கொண்டிருந்தன. கார்ட்ரிட்ஜ் அவற்றைச் சாதாரணக் காசநோய் என்றே சொல்லும். தென்னாப்பிரிக்காவிலும், ஐசோனியாசிடுக்கு எதிர்ப்பு உண்டு, ரிஃபாம்பிசினுக்கு இல்லை என்று முடிவு வந்திருந்த 249 கிருமிகளைத் திரும்பப் பார்த்தபோது 37-இல் அதே பிறழ்வு இருந்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சோதனை நாடு முழுவதும் ஒரே இடத்தில் கண் வைத்திருந்தால், அந்தக் கண்ணுக்குத் தப்புகிற கிருமியே தடையின்றிப் பெருகும். வலையின் கண்ணைவிடச் சிறிய மீன் மட்டும் தப்பித் தப்பி, கடைசியில் குளத்தில் அந்த மீனே மிஞ்சி நிற்பதைப் போன்றது இது.

ஆனாலும் அவளுடைய பட்டியலில் இரண்டாவது விலைப்புள்ளியை நான் உடனே அடித்துவிட்டேன். தேசிய சுகாதார ஆய்வகச் சேவை இந்தச் சோதனைகளை நோயாளிகளுக்கு வழக்கமாகவே செய்கிறது. உரிய அனுமதியுடன் அந்த முடிவுகளைக் கேட்டுப் பெறலாம். ஆய்வுப் பணத்தில் அதே சோதனையை இரண்டாம் முறை வாங்குவது வீண்.

இனிப் பெடாகுயிலின். இதை அறியாமல் மற்ற இரண்டு தேர்வுகளையும் ஒப்பிட முடியாது. 2018-இல் தென்னாப்பிரிக்கா, ரிஃபாம்பிசின் எதிர்ப்புக் காசநோய்க்குக் கொடுத்துவந்த ஊசி மருந்துகளை நீக்கி அவற்றின் இடத்தில் பெடாகுயிலினைக் கொண்டுவருவதாக அறிவித்தது. அந்த ஊசிகளால் காது கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை இங்குள்ள செவிலியர்களிடம் கேட்டால்தான் அந்த முடிவின் அருமை விளங்கும். 2023-இல், பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினசோலிட் ஆகியவற்றோடு சூழ்நிலைக்கேற்ப லெவோஃபிளாக்சசினும் சேர்ந்த ஆறு மாத மருத்துவ முறை நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை வருடம் மருந்து தின்று சலித்தவர்களின் நாட்டில் இது பெரிய விடுதலை. ஆனால் இந்தக் கூட்டின் அச்சாணி ஒரே மருந்து. பெடாகுயிலின் உடலில் மாதக்கணக்கில் தங்குவது. நோயாளி இடையில் மருந்தை நிறுத்திவிட்டால் மற்ற மருந்துகள் சில நாள்களில் வெளியேறிவிட, இது ஒன்று மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தபடி கிருமியோடு தனித்து நிற்கும். எதிர்ப்பு உருவாக இதைவிட நல்ல சூழல் கிருமிக்குக் கிடைக்காது. தென்னாப்பிரிக்காவில் 2015 முதல் 2019 வரை சோதிக்கப்பட்ட 2,023 பேரில் 76 பேரின் கிருமி, அதாவது 3.8 விழுக்காடு, தொடக்கத்திலேயே பெடாகுயிலினை எதிர்த்தது. எண் சிறியதுதான். துகேலா ஃபெரிக் கிருமியும் ஒரு காலத்தில் சிறிய எண்ணாகத்தான் இருந்தது.

இந்த எதிர்ப்பைக் கண்டுபிடிப்பதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. ரிஃபாம்பிசினைப் போல ஒரு சின்ன இடத்தில் பிறழ்வுகள் குவிவதில்லை. ஆர்வி0678 என்ற மரபணு, மருந்தைக் கிருமிக்கு வெளியே தள்ளும் ஒரு பம்பை அடக்கி வைத்திருக்கிறது. அந்த மரபணுவின் எந்த மூலையில் சேதம் நேர்ந்தாலும் பம்பு கட்டவிழ்ந்துவிடலாம். ஆகவே பிறழ்வுகள் மரபணு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் சில எதிர்ப்பைத் தருகின்றன, சில ஒன்றும் செய்வதில்லை. குளோஃபாசிமின் என்ற பழைய மருந்துக்கும் இதே பம்பு என்பதால், முன்பு அதைச் சாப்பிட்டவரிடமும் பெடாகுயிலின் எதிர்ப்பு இருக்கக்கூடும். இப்படிச் சிதறிக் கிடக்கும் பிறழ்வுகளுக்கு ஏற்ப ஒரு கார்ட்ரிட்ஜ் செய்வது எளிதன்று. மரபணுவை முழுதாகப் படிக்க வேண்டும், அல்லது கிருமியை மருந்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது விலைப்புள்ளியின் கவர்ச்சி இங்கேதான். இலக்கு வரிசையாக்கம், சளியிலிருந்து நேரடியாக, எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளை மட்டும் பெருக்கி, ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான முறை படிக்கிறது. வளர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சில நாள்களில் பத்துக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு ஒரே தாளில் விடை வந்துவிடும். நோயாளியின் உடலில் பெரும்பாலான கிருமிகள் மருந்துக்கு மசிபவையாகவும் ஒரு சிறுபான்மை மட்டும் எதிர்ப்பவையாகவும் இருந்தால், அந்தச் சிறுபான்மையையும் இது பெரும்பாலும் பிடித்துவிடும். முழுத்தொகை வரிசையாக்கம் ஒவ்வோர் எழுத்தையும் அவ்வளவு முறை படிப்பதில்லை என்பதால் சிறுபான்மையை அதிகம் தவறவிடுகிறது. 2023-இல் இம்முறைக்கு ஆதரவாக அறிவித்த உலக சுகாதார நிறுவனம், 2024-இல் வழிகாட்டு நெறிகளிலும் சேர்த்தது.

மாணவி இதில்தான் மனத்தை வைத்திருந்தாள். எனக்கோ இரண்டு தயக்கங்கள். பெடாகுயிலினைப் பொறுத்தவரை இம்முறை கண்டுபிடிப்பது எதிர்ப்புள்ள கிருமிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான், அதுவே லினசோலிடுக்கும். எதிர்ப்பு உண்டு என்று அது சொன்னால் நம்பலாம். இல்லை என்று சொன்னால் முழுதாக நம்பிவிட முடியாது. இரண்டாவது தயக்கம் இந்த மாகாணத்துக்கே உரியது. இங்கே மருந்தெதிர்ப்புக் காசநோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு எச்ஐவி தொற்றும் இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் நுரையீரலில் குழிகள் அதிகம் உண்டாவதில்லை என்பதால், சளியில் கிருமியின் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். சளியில் கிருமி குறையக் குறைய நேரடி வரிசையாக்கம் தோற்கும் வாய்ப்பு ஏறுகிறது. அதாவது, விரைவில் விடை தெரிய வேண்டிய நோயாளிகளிடமே இது அதிகம் கைவிடுகிறது. தூத்துக்குடியிலோ சென்னையிலோ இதே ஆய்வைச் செய்பவருக்கு இந்தத் தயக்கம் இவ்வளவு இருக்காது.

பரவலைத் தேடும் கேள்விக்கோ இலக்கு வரிசையாக்கம் பெரிதாக உதவாது. ஒரே எதிர்ப்புப் பிறழ்வுகள் கொண்ட இரண்டு கிருமிகள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையாகவும் இருக்கலாம். ஒரே மருந்தை எதிர்கொண்டு தனித்தனியே அதே வழியைக் கண்டுபிடித்தவையாகவும் இருக்கலாம். சில மரபணுக்களை மட்டும் பார்த்து அதை முடிவு செய்வது, இரண்டு பேரின் செருப்பு ஒன்றாக இருப்பதைப் பார்த்து அவர்கள் ஒரே வீட்டினர் என்று சொல்வதற்கு நிகர்.

கிருமியின் மரபணுத்தொகையில் சில அடையாளங்களை மட்டும் ஒப்பிடும் பழைய கைரேகை முறைகளை வரைவில் ஓர் அடிக்குறிப்பாக அவள் சேர்த்திருந்தாள். அவற்றை விலை குறைவு என்பதற்காகத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கான காரணம் இந்த மாகாணத்திலேயே கிடைக்கிறது. 2011 முதல் 2014 வரை இங்கே தீவிர எதிர்ப்புக் காசநோய் கண்ட 404 பேரைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. அவர்களில் 280 பேர், அதாவது 69 விழுக்காட்டினர், முன்பு பல்மருந்து எதிர்ப்புக்கான மருத்துவம் எடுத்ததே இல்லை. எனவே அவர்களுக்கு நோய் பரவி வந்திருக்கிறது. இந்தப் பகுதி ஐயத்துக்கு இடமில்லாதது, அரசின் கொள்கையையே திருப்பக்கூடியது. மரபணு ஒப்பீட்டில் 386 பேரின் கிருமிகளில் 323 பேருடையவை, ஒரே அடையாளம் கொண்ட கிருமிகளின் 31 கொத்துகளில் அடங்கின. அவற்றில் முப்பது கொத்துகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் பதினான்கு பேர்; எஞ்சிய ஒரே கொத்தில் மட்டும் 212 பேர். அந்த 212 பேரும் இந்த மாகாணத்தின் பெயரையே தாங்கிய எல்ஏஎம்4/கேஇசட்என் என்ற வகைக் கிருமியைச் சுமந்தவர்கள். அவர்களுக்குள் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கைரேகை முறையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தெருவில் எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? இங்கே நாயுடு, கவுண்டர், பிள்ளை என்று தொலைபேசிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

முழுத்தொகை வரிசையாக்கம் அந்தப் பெரிய கொத்தைக் கிளை கிளையாகப் பிரிக்கிறது. காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகை ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள் கொண்டது. 1998-இல் முதன்முதலாக அது முழுதாகப் படிக்கப்பட்டது. ஒரு கிருமிக் கால்வழியில் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து மாறுகிறது என்பது பொதுவான கணக்கு. இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே ஐந்து எழுத்துக்குள் வேறுபாடு இருந்தால் அண்மையில் பரவியிருக்கலாம், பன்னிரண்டுக்கு மேல் போனால் அப்படிக் கருத இடமில்லை என்று இங்கிலாந்தில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு வரம்பு கட்டியது.

எழுத்து மாறும் வேகம் தெரிந்தால் பின்னோக்கியும் எண்ணலாம். டர்பனில் இந்த வகையில் நடந்த வேலைகளில் என்னை அதிகம் பாதித்தது அதுதான். 2008 முதல் 2013 வரை சேகரித்த 337 கிருமிகளின் முழுத்தொகையை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வு, துகேலா ஃபெரிக் கிருமியின் மூதாதை ஐசோனியாசிட் எதிர்ப்பைப் பெற்றது 1957-ஐ ஒட்டி என்று கணித்தது. ஐசோனியாசிட் மருத்துவத்துக்கு வந்ததே 1952-இல். பல்மருந்து எதிர்ப்பு 1984-ஐ ஒட்டியும், தீவிர எதிர்ப்பு 1995-ஐ ஒட்டியும் உருவாகியிருக்க வேண்டும் என்றும் அது காட்டியது. எச்ஐவி இங்கே பரவலாகும் முன்பே கிருமி தன் முதல் எதிர்ப்புகளைச் சேர்த்துவிட்டது. 2006-இல் செய்தி வெளியாகி உலகம் அதிர்ந்தபோது அந்தக் கிருமிக்கு ஏறத்தாழ பத்து வயது. இதற்கு முன்னரே, 2007-இல், டர்பன் ஆய்வாளர்களான மனோர்மணி பிள்ளையும் ஸ்டர்மும் உறைபெட்டியில் 1994 முதல் சேர்த்து வைத்திருந்த வளர்ப்புகளைத் திரும்ப எடுத்துச் சோதித்து, தீவிர எதிர்ப்புக் கிருமி 2001-லேயே இங்கே இருந்தது என்று காட்டியிருந்தார்கள். எதிர்கால ஆய்வுக்கு எடுத்து வைத்த குப்பி எப்போது எதைச் சொல்லும் என்று முன்கூட்டித் தெரியாது.

இப்படிப் புகழ்ந்துவிட்டு அதன் குறைகளை மறைக்கக் கூடாது. மரபணுத்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் என்பதால், துண்டு துண்டாகப் படிக்கும் கருவிகளால் அதை நம்பகமாகப் படிக்க முடிவதில்லை. வழக்கமாக அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே நோயாளியிடம் இரண்டு வகைக் கிருமி இருந்தால், வளர்ப்பில் வேகமாக வளர்வது மற்றதை மறைத்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற மெதுவான மாற்றத்தில், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று திசை சொல்வதும் பல வேளைகளில் இயலாது. மேலும், நோய் அரிதாக உள்ள இங்கிலாந்தில் கட்டிய ஐந்து எழுத்து வரம்பை, ஒரே கால்வழி பல பத்தாண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் குவாசூலு-நட்டாலில் அப்படியே பொருத்துவது ஆபத்து. நேரடித் தொடர்பே இல்லாத இருவர்கூட இங்கே சில எழுத்து வேறுபாட்டுக்குள் வந்துவிடலாம். வரம்பை முதலில் இங்குள்ள குடும்பங்களில், பரவல் உறுதியாகத் தெரிந்த இணைகளில், சோதித்துப் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

நான்கு விலைப்புள்ளிகளிலும் இல்லாத ஒரு செலவைப் பற்றித்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். மேலே சொன்ன 404 பேர் ஆய்வில், மனிதரிடமிருந்து மனிதருக்கு என்றோ மருத்துவமனையின் வழியாக என்றோ தொடர்பைச் சொல்ல முடிந்தது 123 பேருக்கு மட்டுமே, அதாவது 30 விழுக்காடு. எஞ்சியோரின் தொடர்பு எங்கே போனது? சிலருக்கு நோயைக் கொடுத்தவர் ஆய்வில் சேரவே இல்லை. சிலருக்கு அது மினிபஸ் டாக்சியிலோ சந்தையிலோ முகம் தெரியாத ஒருவர். 2018-ஐ ஒட்டி நடந்த தென்னாப்பிரிக்காவின் முதல் தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், நோய் உறுதியானவர்களில் 57.8 விழுக்காட்டினர் தமக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றே சொன்னார்கள். அப்படிப்பட்டவர் தானாக மருத்துவமனைக்கு வருவதில்லை, அவருடைய கிருமி நம் உறைபெட்டிக்கும் வருவதில்லை. மாகாணம் முழுவதிலிருந்தும் பத்தில் ஒருவரை எடுத்து ஒவ்வொருவரின் 44 இலட்சம் எழுத்தையும் படித்தால், அறுந்த சங்கிலிகளின் மிக நுட்பமான படம்தான் கிடைக்கும். ஒரு சிறிய பகுதியில் ஏறத்தாழ எல்லோரையும் சேர்த்துக்கொள்வது அதைவிட மேல் என்பது என் முடிவு. வரைவின் பரப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னபோது மாணவியின் முகம் வாடியது உண்மை.

வீடு வீடாகப் போய் விசாரிப்பவர்களின் ஊதியமும் இதில் சேரும். ஐசூலு பேசத் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும். ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு பக்குவமும் வேண்டும். நம் வீடுகளில் கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருந்தால், யாருக்கோ ஆறு மாதம் மருந்து நடக்கிறது என்ற செய்தி பக்கத்து வீட்டைத் தாண்டக் கூடாது என்பதில் பெரியவர்கள் கவனமாக இருப்பார்கள். "நெஞ்சில் கொஞ்சம் சளி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வாசலில் வைத்துக் கேள்வித்தாளை நீட்டுகிறவருக்கு அந்த விடைதான் கிடைக்கும். இரண்டாம் முறை போய், உள்ளே உட்கார்ந்து, தேநீர் குடித்து எழுந்திருப்பவருக்கே கிம்பர்லியில் வேலை செய்துவிட்டு இருமலோடு திரும்பிய சித்தப்பாவைப் பற்றித் தெரியவரும். வரிசையாக்கம் தரும் கிருமிகளின் குடிவழி மரத்தில் இரண்டு இலைகள் ஒட்டி நின்றால், அவை ஏன் ஒட்டி நிற்கின்றன என்று சொல்வது அந்தச் சித்தப்பாதான்.

ஆக, நாங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. தேர்ந்தெடுத்த பகுதியில் இரண்டு ஆண்டுகளில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உறுதியாகும் ஒவ்வொருவரின் சளியும் வளர்க்கப்படும். வளர்ந்த ஒவ்வொன்றின் முழுத்தொகையும் படிக்கப்படும். இதற்கே பணத்தின் பெரும்பகுதி போகும். தனக்கென நானோபோர் என்ற ஒரு சிறிய வரிசையாக்கக் கருவி வாங்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையை நான் ஆதரிக்கவில்லை. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2017 முதல் இருக்கும் கிரிஸ்ப் என்ற வரிசையாக்க மையம் போன்ற பொது வசதியில் கட்டணம் செலுத்திச் செய்துகொள்வது, கருவியையும் அதன் இரசாயனங்களின் காலாவதி நாளையும் ஒரு மாணவி தனியே கட்டிக்காப்பதைவிடச் சிக்கனம். பெடாகுயிலினுக்கான வளர்ப்புச் சோதனையை எல்லோருக்கும் செய்யப் பணம் போதாது. ஆர்வி0678-இல் பிறழ்வு உள்ள எல்லாக் கிருமிகளுக்கும், மருத்துவம் தொடங்கி இரண்டு மாதமாகியும் சளியில் கிருமி மறையாதவர்களுக்கும் செய்வது என்று வைத்தோம். பிறழ்வு இல்லாதவற்றிலிருந்தும் சீட்டுக் குலுக்கி ஒரு பங்கை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மரபணு சுத்தமாகத் தெரியும் கிருமிகளில் எத்தனை உண்மையில் மருந்தை எதிர்க்கின்றன என்பது அப்படிச் செய்தால்தான் தெரியும். ஆய்வுக்கட்டுரையில் பிறர் தேடிப் படிக்கப்போவதும் அந்த எண்ணைத்தான். இலக்கு வரிசையாக்கத்தை ஒரு சிறு தொகைக்கு மட்டும், வளர்ப்பு தோற்றுப்போகும் சளிகளுக்கென ஒதுக்கினோம்.

அவள் ஆய்வு மாணவியாக இல்லாமல் ஒரு மாவட்ட மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவராக இருந்திருந்தால், என் விடை தலைகீழாக இருந்திருக்கும். அப்போது இலக்கு வரிசையாக்கத்தை முதலில் வைத்திருப்பேன். மூன்றில் இரண்டு பங்குதான் பிடிபடும் என்றாலும், மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு விடை கையில் இருப்பது, எட்டாவது வாரத்தில் வரும் துல்லியமான விடையைவிட நோயாளிக்குப் பயன்படும். முழுத்தொகையைத் தனக்கென வாங்காமல், வளர்ப்புகளை ஆய்வகங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருப்பேன். எந்த நிலையிலும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றை மாற்றமாட்டேன்: ஒவ்வொரு வளர்ப்பிலிருந்தும் இரண்டு குப்பிகள், இரண்டு வெவ்வேறு கட்டிடங்களில்.

திருத்திய வரைவு போன வாரம் வந்தது. பரப்புக் குறைந்திருக்கிறது, களப்பணியாளர் ஊதியம் கூடியிருக்கிறது, குலுக்கல் முறைச் சோதனைக்கு ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. மின்வெட்டு வந்தால் மைனஸ் 80 பாகையில் இருக்க வேண்டிய உறைபெட்டியைக் காப்பாற்றும் ஜெனரேட்டருக்கான வரி மட்டும் இன்னும் தொகை எழுதப்படாமல் இருக்கிறது. அதற்கான விலைப்புள்ளி திங்கள்கிழமை வரும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாள்.